குஞ்சுக்கு நிழல் பிடிக்கும் மஞ்சள் மூக்கு நாரை: எடிட்டிங்கில் எங்கே கெடுத்தேன்?

காயில்கடை
ஞாயிறு, இரவு 10.40

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். நாங்குநேரிப் பக்கம் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். சுற்று வட்டாரத்தில் பம்புசெட் காயில் கருகினால் என்னிடம்தான் வரும். கேமராவைக் கையில் எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. நிக்கான் டி7200, 200-500 லென்ஸ், இரண்டும் பழசாக வாங்கியவை.

ஞாயிறு கடை லீவு. விடியும் முன் பைக்கை எடுத்தால் மூலைக்கரைப்பட்டி வழியாகக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம். அங்கே ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டியிருக்கும். தலையில் எச்சம் விழுந்தாலும் யாரும் விரட்ட மாட்டார்கள். தீபாவளிக்கு வெடி போடாத ஊர் என்று நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

பங்குனிக் கடைசியில் ஒரு நாள். காலை வெளிச்சத்தில் வழக்கமான படங்களை எடுத்துவிட்டேன், கிளம்புகிற நேரம், மணி பதினொன்று பத்து. பறவை பார்க்கும் கோபுரத்தின் மேல் நின்று கடைசியாக ஒரு தடவை பார்த்தேன். குளத்துக்குள் நிற்கும் கருவேல மரத்தின் உச்சிக் கூட்டில் ஒரு மஞ்சள் மூக்கு நாரை, சூரியனுக்கு முதுகைக் காட்டி, இரண்டு இறக்கையையும் பாதி விரித்தபடி நின்றது. பறக்கப் போகிறது என்று நினைத்து விரலைப் பட்டனிலேயே வைத்திருந்தேன். பறக்கவில்லை. பத்து நிமிடம் அப்படியே நின்றது. அப்புறம்தான் கீழே கவனித்தேன். மூன்று குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டு அந்த இறக்கைக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்தன. குடை பிடித்துக்கொண்டிருக்கிறது!

அப்பர்ச்சர் பிரையாரிட்டி (லென்ஸ் துளையை நாம் வைத்தால் ஷட்டர் வேகத்தைக் கேமரா வைக்கும்), எஃப் 5.6 (துளை அளவு, எண் குறைந்தால் வெளிச்சம் கூடும்), ஐஎஸ்ஓ 400. கேமராவே 1/1600 வைத்துக்கொண்டது. 500 மி.மீ., ரா ஃபைல் (கேமரா திருத்தாமல் அப்படியே பதியும் படம்). கூடு அறுபது மீட்டர் தூரம் இருக்கலாம்.

எடிட் எல்லாம் கைபேசியில்தான். கார்டு ரீடரை ஓடிஜி வயரில் மாட்டி ஏற்றுவேன். படம் திருத்தும் லைட்ரூம் செயலிக்குச் சந்தா மகள் கட்டுகிறாள். கடை அடைத்து, சாப்பிட்டு, இரவு பதினோரு மணிக்கு மேல் மொட்டை மாடியில் உட்கார்ந்து செய்தது இது. முதுகும் கழுத்தும் வெளுத்துப் போயிருந்ததால் ஹைலைட்ஸ் (வெளிச்சப் பகுதி) மைனஸ் 100. குஞ்சுகள் இருட்டாக இருந்ததால் ஷேடோஸ் (நிழல் பகுதி) பிளஸ் 80. அப்படித் தூக்கியதும் ஒரே புள்ளிகள், அதற்கு நாய்ஸ் ரிடக்‌ஷன் 60. படம் மஞ்சளாகத் தெரிந்ததால் கலர் டெம்பரேச்சரை நீலப் பக்கம் தள்ளினேன். வால் பக்கத்து ரோஸ் இறகு எடுப்பாகத் தெரிய சாச்சுரேஷன் (நிற அடர்த்தி) 35. மங்கல் நீக்கும் டீஹேஸ், விளிம்பை அழுத்திக் காட்டும் கிளாரிட்டி கொஞ்சம் கொஞ்சம். குஞ்சு முகத்துக்குக் குறுக்கே ஒரு முள் கிளை நின்றது, அதை அழித்தேன்.

வாட்ஸப் குழுவில் போட்டேன். 'சூப்பர்', 'செம', கைதட்டல், நெருப்பு. மகள் மட்டும், "என்னப்பா, கொலு பொம்மை மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மூன்று நாளாக அதுதான் ஓடுகிறது. பார்க்கப் பார்க்க எனக்கும் பிடிக்கவில்லை. எது தப்பு என்று சொல்லத்தான் தெரியவில்லை. எரிந்த மோட்டார் என்றால் மோந்து பார்த்தே சொல்லிவிடுவேன்.

எடிட் செய்த படம், கை வைக்காத படம் இரண்டையும் கீழே இணைத்திருக்கிறேன். தயவு தாட்சண்யம் வேண்டாம், உள்ளதைச் சொல்லுங்கள்.

வெள்ளைவேட்டி
திங்கள், காலை 7.15

அண்ணாச்சி, நான் கோவில்பட்டிப் பக்கம் கல்யாண ஸ்டூடியோக்காரன். பறவை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வெள்ளை பற்றிக் கொஞ்சம் தெரியும். மாப்பிள்ளை வேட்டியில் மடிப்பு தெரியாவிட்டால் ஆல்பம் திரும்பி வந்துவிடும். இருபத்தாறு வருடமாக அந்த வேட்டியோடுதான் மல்லுக்கட்டுகிறேன்.

உங்கள் சிக்கல் லைட்ரூமுக்கு வரும் முன்பே, கோபுரத்தில் ஆரம்பித்துவிட்டது. உச்சி வெயிலுக்கு ஃபிலிம் காலத்துக் கணக்கு ஒன்று உண்டு. எஃப் 16 வைத்தால் ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணுக்குச் சமம். ஐஎஸ்ஓ 400 என்றால் 1/400. அதையே எஃப் 8-க்குத் திறந்தால் 1/1600. நீங்கள் நின்றது எஃப் 5.6-இல், அதாவது தேவைக்கு இரண்டு மடங்கு வெளிச்சம். வெள்ளைப் பொருள் என்றால் அந்தக் கணக்கிலிருந்தும் இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டும்.

கேமரா ஏன் தப்புக் கணக்குப் போட்டது? ஃப்ரேமில் முக்கால்வாசி கருவேல மரம். இருட்டாக இருக்கிறதே என்று அது வெளிச்சத்தை ஏற்றிவிட்டது. நாரைதான் முக்கியம் என்று அதற்கு யார் சொல்வது? மெரூன் திரைக்கு முன்னால் வெள்ளை வேட்டி நின்றாலும் இதே கதை. அடுத்த தடவை கரும்பச்சைப் பின்னணியில் வெள்ளைப் பறவை என்றால் காம்பன்சேஷனை (கேமரா போடும் வெளிச்சக் கணக்கைக் கூட்டிக் குறைக்கும் வசதி) மைனஸ் ஒன்றில் வைத்துவிட்டு எடுங்கள். அதே பறவை வானத்துக்கு எதிராகப் பறந்தால் தலைகீழ், பிளஸ் பக்கம் போக வேண்டும். எடுத்ததும் பின்திரையில் ஹைலைட் எச்சரிக்கையைப் போட்டுப் பாருங்கள், வெளுத்த இடம் மினுக்கும். திரையில் தெரிவது ஜேபெக் (கேமராவே திருத்திச் சுருக்கித் தரும் படம்) கணக்கு என்பதால் ரா ஃபைலில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதை நம்பிக் கடன் வாங்கக் கூடாது.

இனி எடிட். கை வைக்காத படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கழுத்தில் விவரம் இருக்கிறது, மீட்டுவிடலாம். முதுகின் மேல் விளிம்பில் இல்லை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் நிரம்பி வழிந்த இடத்தில் இழுத்தெடுக்க ஒன்றும் கிடையாது. மைனஸ் 100 போட்டு இழுத்ததால்தான் அது சுண்ணாம்பு ஊறிய சுவர் மாதிரி சாம்பல் பூத்து நிற்கிறது. மைனஸ் 40-இல் நிறுத்துங்கள். அந்த விளிம்பு வெளுத்தே இருக்கட்டும். வெயிலில் நிற்கிற பறவையின் முதுகு வெளுத்துத் தெரிவதில் தப்பில்லை.

ஒரு சந்தேகம். வெள்ளை ஏன் நீலமடிக்கிறது? கை வைக்காத படம் மஞ்சளாக இல்லவே இல்லையே. உங்களுக்கு மட்டும் எப்படி மஞ்சளாகத் தெரிந்தது?

பள்ளிக்கரணைவாசி
திங்கள், காலை 9.02

நாரையைச் சுற்றிச் சாமி படம் மாதிரி ஒளிவட்டம் தெரிகிறதே, கவனித்தீர்களா? கிளாரிட்டியும் டீஹேஸும் சேர்ந்து செய்த வேலை.

என் கருத்து வேறு. ஸ்லைடர் பக்கமே போகாதீர்கள். நான் பத்து வருடமாகக் கேமரா தரும் ஜேபெக்கை அப்படியே போடுகிறேன். பறவை எப்படி இருந்ததோ அப்படி. ராவும் வேண்டாம், இந்தத் தலைவலியும் வேண்டாம்.

வெள்ளைவேட்டி
திங்கள், காலை 9.30

பள்ளிக்கரணை சார், ஜேபெக்கும் எடிட் செய்ததுதான். எடிட் செய்தவர் ஜப்பானில் இருக்கிறார், அவ்வளவுதான். கான்ட்ராஸ்ட், கலர், ஷார்ப்னெஸ் எல்லாவற்றையும் கேமராவுக்குள்ளேயே தீர்மானித்து, 14 பிட்டில் வந்ததை 8 பிட்டாகச் சுருக்கி, மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. இந்தப் படத்தை அண்ணாச்சி ஜேபெக்கில் எடுத்திருந்தால் கழுத்தும் போயிருக்கும்.

உள்ளான்
திங்கள், மாலை 6.20

பள்ளியில் விலங்கியல் எடுத்து ஓய்வு பெற்றவள். நான் படம் எடுப்பதில்லை, பைனாகுலரும் நோட்டும்தான். அதனால் ஸ்லைடர் எண்களை விட்டுவிட்டுப் பறவையை மட்டும் பார்த்தேன்.

முதலில் ஒரு பொருத்தமில்லாத விஷயம். மூன்று குஞ்சுகளில் இடது பக்கக் குஞ்சுக்கு மட்டும் அலகு பாதிதான் இருக்கிறது. ஏதும் ஊனமோ என்று பதறிப்போய் கை வைக்காத படத்தைத் திறந்தேன். அதில் அலகு முழுசாக இருக்கிறது. நீங்கள் அழித்த முள் கிளையோடு அலகு நுனியும் போய்விட்டது! நல்லவேளை, இரண்டு படத்தையும் போட்டீர்கள். இல்லாவிட்டால் யாராவது இதை ஒரு குறைபாடாகக் குறித்து வைத்திருப்பார்கள். கிளையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். முள் மரத்தில் கூடு கட்டிய பறவைக்கு முன்னால் முள் இருக்கத்தான் செய்யும்.

ரோஸ் நிறம் இந்த நாரைக்கு வால் பக்கம் இறக்கையின் உள் இறகுகளில் மட்டும்தான். உங்கள் படத்தில் வயிற்று வெள்ளையிலும் பஞ்சுமிட்டாய் ஒட்டியிருக்கிறது. இறக்கையின் பெரிய இறகுகள் நல்ல கறுப்பு, வெயில் பட்டால் லேசாகப் பச்சை மின்னும். அதைச் சாம்பலாக்கி வைத்திருக்கிறீர்கள். நாய்ஸ் எடுக்கிறேன் என்று இறகின் இழையெல்லாம் வழித்தெடுத்தும் ஆயிற்று. மகள் சொன்ன கொலு பொம்மை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆனால் எனக்கு மனசு கேட்காத இடம் வேறு. உச்சி வெயிலில் தாயோ தகப்பனோ (பார்த்துப் பிரிப்பது கஷ்டம், இரண்டும் மாறி மாறிக் கூட்டில் நிற்கும்) மணிக்கணக்கில் இறக்கையை விரித்து நிற்பது எதற்கு? குஞ்சு மேல் நிழல் விழத்தான். படத்தின் கதையே அந்த நிழல். நீங்கள் ஷேடோ ஸ்லைடரை 80-க்குத் தள்ளி அந்த நிழலைத் துடைத்துவிட்டீர்கள். இப்போது பார்த்தால் வெளிச்சத்தில் மூன்று குஞ்சு உட்கார்ந்திருக்கிறது, பக்கத்தில் பெரிய பறவை காரணமில்லாமல் இறக்கையை விரித்துக்கொண்டு நிற்கிறது. பாவம், அது பாடுபட்டதெல்லாம் வீண்.

காலை வெளிச்சத்தில் எடுத்தால்தான் அழகு என்று எல்லோரும் சொல்வார்கள். இந்தக் காட்சி காலை ஏழு மணிக்குக் கிடைக்காது, வெயில் ஏறினால்தான் கிடைக்கும். ஆகவே கண் கூசும் வெளிச்சமும் கறுத்த நிழலும் இதற்குச் சொந்தமானவை.

இன்னொன்று. கோபுரத்திலிருந்து எடுத்தேன் என்கிறீர்கள், மகிழ்ச்சி. கூட்டை நெருங்கிப் பறவையை எழுப்பிவிட்டால், அந்த நேரத்து வெயில் குஞ்சுகளுக்கு ஆகாது, காக்கையும் காத்துக்கொண்டிருக்கும். கூட்டுப் படங்களைப் பல போட்டிகளில் ஏற்காததும் அதனால்தான். படம் போடும்போது எங்கே நின்று எடுத்தீர்கள் என்பதையும் இரண்டு வரி எழுதிவிடுங்கள். பார்க்கிறவர்கள் பரிசலில் கிளம்பிவிடக் கூடாது.

பள்ளிக்கரணைவாசி
திங்கள், இரவு 8.45

டீச்சர் சொன்ன அலகு விஷயத்தை நான் கவனிக்கவே இல்லை. ஜேபெக் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் காலையில் சொல்ல மறந்தது: 11 மணிக்கு அறுபது மீட்டர் தூரம், கீழே காய்ந்த கரையும் தண்ணீரும். சூடான காற்று அலைந்து கானல் ஆடியிருக்கும். கழுத்து விளிம்பு குழைந்து தெரிவது ஃபோகஸ் தப்பியதால் இல்லை. ஷார்ப்னெஸ் ஏற்றினால் குழைந்தது குழைந்தபடியே கரடுமுரடாகும். வரிசையாக எடுத்திருந்தால் ஒவ்வொன்றையும் முழு அளவில் திறந்து பாருங்கள். கானல் அலை மாதிரி. ஒன்றில் குழைந்தது அடுத்ததில் தெளிந்து நிற்கும். பத்து நிமிடம் நின்றது என்கிறீர்களே, ஒரு படமாவது தேறும்.

காயில்கடை
புதன், இரவு 9.50

அண்ணாச்சி, டீச்சர், பள்ளிக்கரணை சார், மூன்று பேருக்கும் நன்றி. இரண்டு நாள் பதில் போட முடியவில்லை. சித்திரை பிறக்கும் முன்பே பம்புசெட்டெல்லாம் ஒன்றாகப் புகைய ஆரம்பித்துவிட்டது.

முதலில் மஞ்சள் மர்மம். வெள்ளைவேட்டி அண்ணாச்சி கேட்ட பிறகு படத்தை மத்தியானம் கடையில் வைத்துத் திறந்தேன். ஒரேயடியாக நீலம். இரவு மாடியில் திறந்தால் சரியாக இருக்கிறது! கண்ணுக்கு நல்லது என்று இரவு ஒன்பது மணிக்கு மேல் திரையை மஞ்சளாக்கும் வசதியை மகள் எப்போதோ போட்டுவிட்டிருக்கிறாள். நான் ஒரு வருடமாக மஞ்சள் கண்ணாடி மாட்டிக்கொண்டு நிறம் திருத்தியிருக்கிறேன். பழைய படங்களைப் புரட்டினேன், கொக்கு, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், வெள்ளையாக எது இருந்தாலும் லேசாக நீலம் அடித்திருக்கிறது. வாட்ஸப்பில் நெருப்பு விட்ட ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. அந்த வசதியை அணைத்துவிட்டேன். இனி எடிட் பகலில்தான், வெளிச்சத்தைப் பாதியில் வைத்துக்கொண்டு.

அன்றைக்கு எடுத்தது மொத்தம் 43. எல்லாவற்றையும் முழு அளவில் பார்த்தேன். முதலில் நான் தேர்ந்தெடுத்தது ஆறாவது படம், இறக்கை அதில்தான் அதிகம் விரிந்திருந்தது. பதினேழாவதில் இறக்கை கொஞ்சம் மடங்கியிருக்கிறது, ஆனால் கானல் அடங்கி, கழுத்து இறகு ஒவ்வொன்றாகத் தெரிகிறது. அதோடு நாரை தலையைத் தாழ்த்திக் குஞ்சுகளைப் பார்க்கிறது, கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம். இது எப்படி என் கண்ணில் படாமல் போனது?

அதையே எடுத்துக்கொண்டு முதலிலிருந்து செய்தேன். கலர் டெம்பரேச்சர் கேமரா வைத்தபடி. ஹைலைட்ஸ் மைனஸ் 40. ஷேடோஸ் பிளஸ் 15, அவ்வளவுதான். குஞ்சுகள் இருட்டில்தான் இருக்கின்றன, ஆனால் திறந்த வாய் தெரிகிறது. நிழலைத் தூக்காததால் புள்ளியும் எழவில்லை, நாய்ஸ் ரிடக்‌ஷன் 15-இலேயே போதும் என்றாகிவிட்டது. வார்னிஷை அப்பினால் காயில் சூடு வெளியேறாது என்று கடைப் பையனைத் தினமும் திட்டுகிறேன், படத்தில் நானே அப்பியிருக்கிறேன். சாச்சுரேஷன் தொடவில்லை. டீஹேஸ் இல்லை. முள் கிளை இருக்கிறது. இந்தப் படத்தில் அது அலகுக்குக் குறுக்கே வராமல் சற்றுத் தள்ளித்தான் நிற்கிறது.

கிராப்பையும் தளர்த்தினேன். முன்பு நாரையை மட்டும் இறுக்கி வெட்டியிருந்தேன். இப்போது இடது பக்கம் இன்னொரு கூடு வருகிறது, அதிலும் ஒரு நாரை அதே பக்கம் முதுகைக் காட்டி நிற்கிறது. எடுத்தபோது அதை நான் பார்க்கவே இல்லை.

புதுப் படம் கீழே. மகளிடம் காட்டினேன். "வெயில் அடிக்குதுப்பா" என்றாள். பாராட்டா குறையா என்று கேட்கவில்லை.

உள்ளான்
வியாழன், காலை 6.05

இதுதான் நாரை. ரோஸ் இறகு இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் இருக்கிறது, கறுப்பில் பச்சையும் தெரிகிறது. இரண்டாவது கூட்டைச் சேர்த்தது நல்லது, ஒரே திசையில் இரண்டும் நிற்பதால் சூரியன் எங்கே என்று சொல்லாமலே தெரிகிறது. பறவைப் பதிவுத் தளமான ஈபேர்டில் அன்றைய பட்டியலோடு இதைச் சேர்த்துவிடுங்கள். தேதியும் நேரமும் சரியாக இருக்கட்டும், 11.10 என்பது இந்தப் படத்துக்கு முக்கியம்.

காயில்கடை
வியாழன், இரவு 9.15

சேர்த்துவிட்டேன் டீச்சர். கேமராக் கடிகாரம் இருபது நிமிடம் முந்தி ஓடியது. படத்துக்குள் இருந்த நேரம் 11.30. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னதுதான் 11.10. பழசாக வாங்கிய நாளிலிருந்து அப்படியே ஓடியிருக்கிறது. இப்போது சரி செய்தாயிற்று.

வெள்ளைவேட்டி அண்ணாச்சி, இதைப் பிரிண்ட் போட்டுக் கடையில் மாட்ட ஆசை. கிராப் செய்த பிறகு 3000-க்கு 2000 பிக்சல் மிச்சம். ஏ4 அளவு தாங்குமா?

வெள்ளைவேட்டி
வெள்ளி, காலை 7.40

அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டுமென்றால் ஏ4-க்கு 3508-க்கு 2480 தேவை. உங்களிடம் உள்ளது பத்து அங்குலத்துக்குச் சரியாக வரும். ஆனால் சுவரில் மாட்டி நாலடி தள்ளி நின்று பார்க்கிற படத்துக்கு அவ்வளவு கறார் வேண்டாம், ஏ4 தாராளமாகப் போடலாம். எஸ்ஆர்ஜிபி என்ற நிற அமைப்பில் எக்ஸ்போர்ட் செய்து அனுப்புங்கள். வாட்ஸப்பில் அனுப்பினால் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் சுருக்கிவிடும். பிரிண்ட் போடும் லேபில் தானியங்கி திருத்தம் வேண்டாம் என்று நான் சொல்லிக்கொள்கிறேன், அந்த மிஷின் உங்கள் நிழலை மறுபடியும் வெளுக்கப் பார்க்கும். தாள் கிளாஸி (பளபளப்பு) போடலாம், பளபளப்பில்லாத மேட் தாளில் அந்த இறக்கைக் கறுப்பு சாம்பலடிக்கும். டியூப்லைட்டுக்கு நேர் எதிரே மட்டும் மாட்டிவிடாதீர்கள்.